ஓரகத்தி வீட்டுப் புகைக்கூண்டு

கெம்பம்மாவுக்குப் பொறாமை நாற்பது வயதுக்கு மேல் வந்தது. அதற்கு முன்னால் பொறாமைப்பட அவளுக்கு நேரமே இருந்ததில்லை. பதினைந்து வயதில் ஜூஜுவாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு, உத்தனப்பள்ளிக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு வந்தாள். வந்த மறுநாளே மாமியார் களித்துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டாள். அன்று பிடித்த துடுப்பை இருபத்தாறு வருஷமாக அவள் கீழே வைக்கவில்லை. மாமனாருக்குக் களி, மாமியாருக்குக் களி, உழவுக்கு வரும் ஆட்களுக்குக் களி, புருஷன் மாதப்பனுக்குக் களி. இவர்களோடு கொழுந்தன் சென்னகிருஷ்ணன். அவள் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அவனுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, முருங்கைக்கீரைக் குழம்பில் களியைத் தொட்டு ஊட்டி ஆளாக்கியவள் அவள்தான்.

களி கிண்டுவது உட்கார்ந்தபடி செய்கிற வேலை இல்லை. பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்து, குனிந்து, மூஞ்சியை அடுப்புக்கு நேராக வைத்துக்கொண்டு கிண்ட வேண்டும். துவரை மிளாரும் வரட்டியும் எரிகிற அடுப்பு. சமையல் அறைக்கு ஒரு வாசல், ஓட்டுக்கடியில் ஒரு சாண் இடுக்கு, அவ்வளவுதான். புகைக்கு வெளியே போக மனசு வந்தால் போகும், வராவிட்டால் அங்கேயே சுருண்டு கிடக்கும். கெம்பம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அவள் சுபாவமே அப்படி, கோபக்காரி என்று ஊரில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள்.

மாமனார் மாமியார் போன பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் சென்னகிருஷ்ணனுக்குக் கல்யாணம் ஆனது. பூவம்மாள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். மெல்லிசாக இருப்பாள், பேச்சும் மெல்லிசு. இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் இருவரும் சமைத்தார்கள். அதுவரைக்கும் ஒரு மனஸ்தாபமும் இல்லை. பிறகு அண்ணன் தம்பி நல்லபடியாகவே பாகம் பிரித்துக்கொண்டார்கள். நீளமான பழைய வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. அடுப்பு இருந்த பாதி அண்ணனுக்கு, களஞ்சியம் இருந்த பாதி தம்பிக்கு. பூவம்மாள் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு குடும்பமும் வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது. சென்னகிருஷ்ணன் வயலிலிருந்து வந்தவன், பொண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

“ஏன் பூவு, கண்ணு இப்பிடிச் செவந்து கெடக்குது?”

“பொகதான். வேற என்னா.”

“அப்பிடியா? உனுக்குப் பொகையே இல்லாத சமையக்கட்டு கட்டித் தரன், பாரு.”

சொன்னது அவ்வளவுதான். கெம்பம்மாவின் விரல்கள் அவரைக்காயிலேயே நின்றுவிட்டன. மூன்று வருஷமே புகை பட்ட கண் சிவந்ததைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறான். இருபத்தாறு வருஷம் சிவந்த கண்ணை, இதோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கண்ணை, எவன் கேட்டான்? கட்டினவன் கேட்கவில்லை. களி ஊட்டி வளர்த்தவனும் கேட்கவில்லை. ‘நான் ஊதுன அடுப்புல வெந்ததத் தின்னுதானடா வளந்த? அப்ப உன் கண்ணு எங்க போச்சு?’ என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவரைக்காயைப் பிய்த்து எறிந்தாள். பொறாமை அன்றைக்குத்தான் வந்தது. வந்தது போகவில்லை.

சென்னகிருஷ்ணன் வாய்ச்சொல் வீரன் இல்லை. கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் பெங்களூர்ப் பக்கம் ஓட்டுச் சூளையில் வேலை பார்த்தவன். எந்த உயரத்தில் கூண்டு கட்டினால் நெருப்பு புகையை எப்படி இழுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சமயம் பார்த்து பஞ்சாயத்து போர்டில் ஒரு விதி வந்திருந்தது. புதிதாகச் சமையலறை கட்டுகிறவர்கள் படம் போட்டு, விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அவன் பாரத்தை வாங்கிவந்து வாசலில் வைத்து எல்லோருக்கும் சத்தமாகப் படித்தான்.

“தரை அளவுல பத்துல ஒரு பங்குக்கு ஜன்னல் வெக்கணுமாம். பொக வெளிய போவ வழி வெக்கணுமாம். பத்தடிக்குள்ள அடுத்த வூடு இருந்தா, கூண்டு அந்த வூட்டு மோட்டுக்கு மேல மூணடி ஒசரமா இருக்கணுமாம். ‘பத்தடிக்குள் அடுத்த வீட்டார் உண்டா?’ன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கான்.”

“உண்டு தானடா, நாங்க இருக்கமே?” என்றார் மாதப்பன்.

“என்னாண்ணா நீ? அடுத்த வூடுன்னா அன்னியன் வூடு. அண்ணன் வூடு எப்பிடி அடுத்த வூடாவும்?”

சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதிவிட்டான்.  சுவர் எழும்பிய பிறகும் தம்பி தன்னை வேறாளாக நினைக்கவில்லை என்று மாதப்பன் அன்று முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை எழும்பியது. கூண்டு சென்னகிருஷ்ணன் வீட்டு ஓட்டைத் தாண்டி ஒரு முழம் மட்டும் எழும்பி நின்றது. கையிலிருந்த செங்கலும் அதோடு தீர்ந்திருந்தது.

முதல் அடுப்பு மூட்டிய அன்று ஊர்ப் பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மிளாரைப் பற்றவைத்ததும் புகை, பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கூண்டுக்குள் போனது. ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாசில்லாமல் இருந்தது. பூவம்மாள் களி கிண்டி இறக்கிவிட்டு வெளியே வந்தாள். தலையில் வைத்திருந்த கனகாம்பரம் வைத்த மாதிரியே இருந்தது.

கெம்பம்மா அந்தப் பூவையே பார்த்தாள். சமைக்கப் போகும்போது பூ வைத்துக்கொள்ளலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. வைத்தால் அரை நாழியில் வதங்கிக் கருகி, புகைநாற்றம் பிடித்துவிடும்.

“பொக படாத களி ருசியா இருக்குமா? கஞ்சித்தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கும்,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “அதுவும் இல்லாம, அவரை வெதைய எங்க தொங்கவுடுவா? பொக ஏறுலன்னா வண்டு வுழுந்துடும்.”

“எங்கூட்டு வெதைய உங்கூட்டுப் பரண்ல தொங்கவுட்டுக்கறன் யக்கா. நீங்க வேணான்னா சொல்வீங்க?” என்றாள் பூவம்மாள் கள்ளமில்லாமல்.

பெண்கள் சிரித்தார்கள். கெம்பம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டவள் கதை நமக்குத் தெரியும். அவளாவது ஒரு தடவை இடித்துக்கொண்டாள். கெம்பம்மா தினம் மூன்று வேளை இடித்துக்கொண்டாள்.

மானத்தை விட்டு அவள் புருஷனிடமும் கேட்டுப் பார்த்தாள். மாதப்பன் அப்போது சினைப்புளித் தழையை அரைத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஏரில் இடப்பக்கம் பூட்டும் காளைக்கு நாலு நாளாக இருமல். கொட்டகைத் தரை ஈரம்தான் காரணம் என்று வேப்பனப்பள்ளி மாட்டு வைத்தியர் சொல்லியிருந்தார். தரைக்குப் பாவ இருநூறு செங்கல் வாங்கி அடுக்கியாகிவிட்டது.

“ஏங்க, அந்தச் செங்கல்லுல நம்ம சமையக்கட்டுக்கும் ஒரு கூண்டு வெச்சுக்கலாமா?”

“ஏமே, நமக்கு எதுக்கு அதெல்லாம்? உனுக்குத்தான் பொக பழகிப்போச்சே,” என்றார் மாதப்பன். சொல்லிவிட்டுக் காளையின் தாடையைத் தூக்கி உருண்டையை உள்ளே தள்ளினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷர். பொண்டாட்டியை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் நல்ல மனுஷர் சொன்னாலும் அந்த வார்த்தை வலிக்கத்தான் செய்தது. காளையின் இருமல் காதில் விழுகிறவருக்கு என்னைத் தெரியவில்லையே என்று அவள் அன்று கிணற்றடியில் அழுதாள்.

அந்த வாரம் ராயக்கோட்டைச் சந்தைக்குப் போனவள் புளியும் மிளகாயும் வாங்கிக்கொண்டு நேரே மனு எழுதும் பஷீர் அஹமதுவிடம் போனாள். அவர் மரப்பெட்டியைக் குப்புறப் போட்டு, அதன்மேல் காகிதம் வைத்து எழுதுகிறவர்.

“பஞ்சாயத்து போர்டுக்கு ஒரு மனு எழுதணும் பாய். பத்தடிக்குள்ள எங்க வூடு இருக்குது. இல்லன்னு பொய் எழுதிக் கொடுத்துட்டாங்க. கூண்டு மூணடி ஒசரம் இல்ல. பொகை எங்கூட்டுல வுழுவுது.”

“யார் வூட்டுக் கூண்டும்மா?”

“கொழுந்தன் வூடு.”

பஷீர் அஹமது பேனாவை நிறுத்தினார். “கூடப்பொறந்த தம்பியா உங்கூட்டுக்காரருக்கு? அவுருக்குத் தெரியுமா இது?”

“பாகம் பிரிச்சாச்சு. பிரிச்சப்புறம் அவுங்க யாரோ, நாங்க யாரோ.”

 பஷீர் அஹமது மேலே எழுதினார். கெம்பம்மா கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். புகை வீட்டில் விழுவது உண்மைதான். மேல்காற்று அடிக்கிற அன்று கொஞ்சம் வரும். ஆனால் அவள் மனு போட்டது அந்தப் புகைக்காக இல்லை என்பது அவளுக்கே தெரியும். திரும்பி நடக்கும் வழியெல்லாம் கட்டைவிரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

பத்து நாளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். கூண்டிலிருந்து நடுச்சுவர் வரை டேப்பை விரித்து அளந்தார். பாரத்தைப் பார்த்தார். “அடுத்த வீடு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஏழடியில வீடு இருக்கே. அவங்ககிட்டேயிருந்து ஆட்சேபம் வந்திருக்கு.”

“யாருங்க ஆட்சேபம் பண்ணது?” என்று மாதப்பன் கோபமாகக் கேட்டார். “ஏழடில எங்கூடு ஒண்ணுதானுங்க இருக்குது.”

இன்ஸ்பெக்டர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாதப்பன் மெதுவாகத் திரும்பிக் கெம்பம்மாவைப் பார்த்தார். சென்னகிருஷ்ணனும் பார்த்தான். அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு ஓட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்பட ஒண்ணுமில்ல. அவங்க முகட்டுக்கு மேல மூணடி உசத்திக் கட்டிடுங்க. கட்டுறவரைக்கும் கூண்டை அடைச்சு வைங்க,” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

ஐப்பசி அடைமழை. சூளைகளில் செங்கல் அறுக்க முடியாது. தை பிறந்தால்தான் செங்கல் கிடைக்கும். சென்னகிருஷ்ணன் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் கெம்பம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஏணியைச் சாத்தி மேலே ஏறி, கூண்டு வாயில் ஒரு பலகைக் கல்லை வைத்து மண் பூசினான். இறங்கி வந்து, “பாரத்துல நான்தான் தப்பா எழுதிட்டன் அண்ணி,” என்றான்.  அந்த வார்த்தை அவளுக்கு அறை வாங்கியது போல இருந்தது.

கூண்டு அடைபட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் ஆரம்பித்தது. ஜன்னல் இருந்தாலும், இழுத்துப் பழகிய அடுப்பை வாய் அடைத்தால் புகை முழுக்க அறைக்குள்தான் திரும்பும். பூவம்மாள் அடுப்பு மூட்டிய உடனே இருமுவாள். களி இறக்கும்வரை இருமுவாள். வாய்விட்டு, சுவர் அதிர இருமுவாள். கெம்பம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள். முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பேசுவானேன்? சந்தோஷமாகத்தான் இருந்தது. ‘இருமு. நல்லா இருமு. எனுக்கு மட்டும் எழுதி வெச்சதா இது?’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாதப்பன் சாப்பிட உட்கார்ந்தார். மனு விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் அவளிடம் பேசுவதில்லை. தட்டில் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தவர், கை அப்படியே நிற்க, தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்.

“பாவம், அந்தப் புள்ள எப்பிடி இருமுது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “கேக்கவே முடியல. சோறு எறங்க மாட்டங்குது.”

பாதித் தட்டில் கை கழுவிவிட்டார்.

தம்பி பொண்டாட்டியை அவர் நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. மூத்தார் அப்படி இருப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். முகம் பார்க்காதவளுடைய இருமல் மூன்று நாளில் அவர் நெஞ்சில் போய் விழுந்துவிட்டது. கெம்பம்மா தட்டை எடுக்கவும் தோன்றாமல் நின்றாள். அவளும்தான் இருமினாள், இருபத்தாறு வருஷம். ஆனால் பானைக்கு நேரே இருமினால் சோறு எச்சில் ஆகிவிடும் என்று மாமியார் வந்த புதிதிலேயே கரண்டிக் காம்பால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், நெஞ்சுக்குள்ளேயே இருமக் கெம்பம்மா பழகிவிட்டாள். பூவம்மாளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க மாமியார் உயிரோடு இல்லை. அதனால் அவள் இருமல் ஊருக்கே கேட்டது. அடக்கி வைத்தவளுக்கு ஒன்றுமில்லை, அடக்காதவளுக்குப் பரிதாபம்.

இந்த இரக்கம் எனக்கு வரவேண்டியது என்று அவளுக்குத் தோன்றியது. புகைக்கூண்டைப் பார்த்துப் பட்ட பொறாமை எல்லாம் இதற்கு முன்னால் தூசி. அந்த இருமல் இனி ஒரு வேளை கூட அவர் காதில் விழக்கூடாது.

கொட்டகை ஓரம் அடுக்கியிருந்த செங்கல்லைச் சும்மாடு கூட்டித் தலையில் ஏற்றினாள். நடைக்குப் பத்துப் பத்தாகச் சுமந்து கொழுந்தன் வாசலில் கொட்டினாள். ஆறாவது நடையில் சென்னகிருஷ்ணன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான்.

“இது காளைக் கொட்டாய்க்கு வெச்சதாச்சே அண்ணி!”

“காளைக்கு இருமல் நின்னுடுச்சு. நீ ஏறி ஒசத்திக் கட்டு. மழை வுட்டிருக்குது, இன்னைக்கே கட்டு.”

பூவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “யக்கா, உங்க மனசு யாருக்கு வரும்!” என்று அழுதாள். கெம்பம்மா கையை உருவிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் கூண்டு மூன்றடி உயர்ந்துவிட்டது. கோபத்தில் மனு போட்டவள் மனம் திரும்பிச் செங்கல்லும் சுமந்தாள் என்று ஊர் மெச்சியது. அவள் என்ன நினைத்துச் சுமந்தாள் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்? மாதப்பன் கூட முகம் தெளிந்து, “நல்ல காரியம் பண்ண,” என்று மூன்று நாளைக்குப் பிறகு அவளிடம் வாய் திறந்தார். ஓர் அடுப்புக்கரித் துண்டளவு சந்தோஷம் கூட அவளுக்கு அதில் இல்லை.

மறுநாள் காலை அவள் தன் அடுப்பை மூட்டினாள். மழையில் நனைந்த மிளார். கரும்புகை எழும்பி மூஞ்சியில் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பூவம்மாள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். களி கொதி வந்ததும் கெம்பம்மாவுக்கு இருமல் வந்தது. வழக்கம்போல முந்தானை நுனி கைக்கு வந்தது. அதை வாயருகே கொண்டுபோனவள், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே விட்டாள். பானையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு இருமினாள். நெஞ்சு பிய்த்துக்கொண்டு வந்தது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை.

வாசலில் ஏர்க்கயிறு முறுக்கிக்கொண்டிருந்த மாதப்பன் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து வருவது கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசல் நிலைக்கு வெளியே நின்று, சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு அவர் கேட்டார்.

“ஏமே, கூண்டு ஒசத்தியும் அந்தப் புள்ளைக்கு இருமல் நிக்கலியா?”

கெம்பம்மா துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அது அவ இல்லைங்க,” என்றாள். “நான்.”

மாதப்பனுக்கு முதலில் புரியவில்லை. சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நிலையில் குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தார். புகை கண்ணில் ஏறியதும் கையால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினார்.

“நீயா? உனுக்கு எப்ப இருந்து இருமல்?”

“உங்கூட்டுக்கு வந்த மறுநாள்ல இருந்து,” என்றாள் கெம்பம்மா.